சவிரிமுத்துவின் கற்பார்

அன்று காலை அந்தக் குடாவின் நடுவே ஏழு படகுகள் நின்றன.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்திருந்த பருவம் அது. வழக்கமாக அந்த நீர்ப்பரப்பில் நீர்க்காகங்களைத் தவிர வேறெதுவும் தங்குவதில்லை. மீனவர்கள் அதனைக் கடந்து வெளிக்கடலுக்குப் போய்விடுவார்கள். அன்றோ ஏழு படகுகளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, ஒன்றையொன்று இடிக்காத குறையாக நெருங்கி நின்றன. யாரோ சிரித்தது கரைவரை கேட்டது.

நான் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஈர மணலில் நின்றேன். அழுகிய பாசியின் மணமும் மண்ணெண்ணெயின் மணமும் கலந்து வந்தன.

படகுகள் நின்ற இடம், முந்தின நாள் மாலை நாற்பது பேருக்கு முன்னால் நான் வாய் திறந்து சொன்ன இடம். எவருக்கும் சொல்லமாட்டேன் என்று சவிரிமுத்து என்னும் மீனவருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்த இடமும் அதுவே.

அவருடைய வீடு எனக்குப் பின்னால் கூப்பிடு தொலைவில் இருந்தது. அடுக்களையில் புகை எழுந்துகொண்டிருந்தது. அவர் வெளியே வந்து கடலைப் பார்ப்பதற்குள் நானே போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் குடியிருக்கும் அன்புவழிபுரத்திலிருந்து முதல் முச்சக்கர வண்டியைப் பிடித்து வந்திருந்தேன். வந்த பின்னர் வாசலுக்குப் போகாமல் கரையிலேயே நின்றுவிட்டேன்.

அந்த நீருக்கடியில் என்ன இருந்தது, அதை நான் ஏன் சொன்னேன் என்பதை விளக்கச் சற்றுப் பின்னே செல்ல வேண்டும்.

நான்கு இடங்களும் ஒரு கேள்வியும்

எங்கள் ஊருக்கு வருவோரை நாங்கள் நான்கு இடங்களுக்கு அழைத்துச் செல்வோம். மலைக்கோயில், அதன் அடிவாரத்துக் கோட்டை, கன்னியா வெந்நீரூற்று, நிலாவெளிக் கடற்கரை. கோட்டைக்குள் மான்களுக்கு வாழைப்பழத் தோல் கொடுப்பதையும் சேர்த்தால் ஐந்து. காலையில் தொடங்கினால் மாலைத் தேநீருக்கு வீடு திரும்பிவிடலாம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்த நானும் இதே சுற்றைத்தான் எண்ணற்ற தடவை சுற்றியிருக்கிறேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், கனடாவிலிருந்து வந்திருந்த என் மைத்துனரின் மனைவி கோட்டை மதிலில் சாய்ந்து நின்று கேட்டார்.

"எவ்வளவோ பழைய துறைமுகம் எண்டு சொல்லுறியள். அப்ப கப்பலிலையிருந்து சாமான் இறக்கின ஆக்கள் எங்கை இறக்கினவை? தண்ணி எங்கை அள்ளினவை? எல்லாரும் மலை உச்சியிலேயே இருந்தவை?"

"வெயில் ஏறுது. வா, போவம்" என்றார் மைத்துனர். அவர்கள் இருவரும் அந்தக் கேள்வியை அங்கேயே விட்டுவிட்டுச் சென்றார்கள். எனக்கு அவ்வாறு இயலவில்லை. அரசர்கள் எங்கே வழிபட்டார்கள் என்பதும், கடல்கடந்து வந்தவர்கள் எங்கே பீரங்கி நிறுத்தினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஒரு மூட்டையைத் தோளில் வைத்தவன் நீரிலிருந்து நிலத்துக்கு ஏறியபோது எந்தக் கல்லில் கால் வைத்தான் என்பது எனக்குத் தெரியாது. அது தெரியாது என்பதையே அன்றுதான் அறிந்தேன்.

மறுநாள் அளவு நாடா, குறிப்பேடு, குடை ஆகிய மூன்றுடன் புறப்பட்டேன். துறைமுகத்தை அண்டிய ஒழுங்கைகளில், மதில்களுக்கும் வாய்க்கால்களுக்கும் இடையே, எந்த வழிகாட்டியும் எவரையும் அழைத்துவராத இடங்களில் நடந்தேன்.

ஓர் ஒழுங்கையில் வாய்க்காலை மூடியிருந்த கல்லின் ஓரத்தில் உளித்தடங்கள் வரிசையாகப் பதிந்திருந்தன. இன்னொரு வளவில் கிணற்றுக்கட்டின் விளிம்பில் கயிறு அறுத்த தடங்களைக் கண்டேன். அவை ஒரு பக்கத்தில் மட்டுமே ஆழமாக இருந்தன. அந்தப் பக்கத்தில்தான் பிற்பகல் நிழல் விழுந்தது. எத்தனையோ பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், அதே நிழலைத் தேடி அதே இடத்தில் நின்று தண்ணீர் அள்ளியிருக்கிறார்கள். நானும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.

ஆனால் எங்கள் ஊரில் கற்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. கோயிலை இடித்த கல் கோட்டைக்குப் போனதை யாவரும் அறிவர். கோட்டையில் உதிர்ந்தது பண்டகசாலைக்குப் போயிருக்கும். பண்டகசாலையில் உதிர்ந்தது ஒருவர் வீட்டு வாசலுக்குப் போயிருக்கும். ஆகவே, ஒரு கல்லைக் கண்டவுடனேயே அங்கே ஒரு மண்டபத்தை எழுப்பிவிடுகிறவர்களை நான் ஒருபோதும் மதித்ததில்லை. "சரிபாருங்கள், பிறகு எழுதுங்கள்" என்பது என் வகுப்பறையில் நாள்தோறும் ஒலித்த வாசகம். அதே வாசகம் பின்னர் என்னைத் தேடி வந்தது.

தையற்கடை வாசல்

ஹனிபாவின் தையற்கடைக்கு இரண்டு படிகள். மேற்படி சீமெந்து, கீழ்ப்படி கருங்கல். அந்தக் கருங்கல்லின் ஒரு மூலையில் ஒரு குழி வெட்டப்பட்டிருந்தது. உள்ளே அகன்று, விளிம்பில் ஒடுங்கிய குழி. விரல் நுனி அளவு ஆழம்.

குந்தியிருந்து நாடாவைப் பிடித்தேன். உள்ளேயிருந்து ஹனிபாவின் குரல் வந்தது.

"என்ன மாஸ்டர், எங்கட படிய அளக்கிறீங்க? அதுக்குக் காற்சட்டை தைக்கணுமா?"

கடைக்குள் இருந்த ஒருவர் உரக்கச் சிரித்தார். அறுபதைக் கடந்த, மெலிந்த, கறுத்த மனிதர். கழுத்தில் செபமாலை. படகை மூடும் கிழிந்த படங்கு ஒன்றைத் தைக்கக் கொண்டுவந்திருந்தார். அவர்தான் சவிரிமுத்து.

"சிரிக்காத சவிரி," என்றார் ஹனிபா. "மாஸ்டர் போன கிழமை வாய்க்காலுக்குள்ள தலைய விட்டுட்டு நிண்டவர். விழுந்துட்டாராக்கும் எண்டு நான் ஓடிப்போனன். 'கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது' எண்டு எனக்கே ஏச்சு."

நான் குழியைக் காட்டி விளக்கினேன். பழைய காலத்துக் கட்டடக்காரர்கள் இரண்டு கற்களை அருகருகே வைத்து, இரண்டிலும் இவ்வாறு பாதிப் பாதியாகக் குழி வெட்டி, உலோகத் துண்டு ஒன்றை இறக்கிப் பிணைப்பார்கள். ஆகவே இந்தக் கல்லுக்கு எங்கோ ஒரு சோடி இருந்திருக்க வேண்டும் என்றேன்.

சவிரிமுத்துவின் சிரிப்பு நின்றது. படங்கை மேசையில் வைத்துவிட்டு வந்து என் அருகில் குந்தினார். பெருவிரலைக் குழிக்குள் வைத்துத் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், உப்பிடிக் குழி வரிசை வரிசையா இருந்தா?"

"வரிசையாவோ? எங்கை?"

"சும்மா கேட்டனான்."

"சும்மா ஒருத்தரும் இப்பிடிக் கேக்க மாட்டினம். எத்தினை வரிசை?"

அவர் எழுந்து சாரத்தை உதறிக்கொண்டார். "ஹனிபா, படங்கை நாளைக்குத் தாரும்" என்றபடி படியிறங்கிப் போய்விட்டார். இறங்கும்போது அந்தக் கருங்கல்லை மிதிக்கவில்லை, தாண்டிச் சென்றார்.

சொல்லாத ஒன்று

கடலடியில் கல் நிறைந்து, மீன்கள் அண்டிக் கிடக்கும் இடத்தை எங்கள் கரையில் பார் என்பார்கள். நல்ல பாரை அறிந்தவன் அதனை வெளியே சொல்வதில்லை. இதை நான் அறிந்தே அவர் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன்.

மூன்று மாதம் போனேன். காற்றைப் பற்றிக் கதைத்தார். பங்குத்தந்தையின் நீண்ட பிரசங்கத்தைப் பற்றிக் கதைத்தார். குழிகளைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஒருநாள் அவருடைய மனைவி திரேசம்மா தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றார்.

"மாஸ்டர், கலியாணம் முடிச்சுப் பதினைஞ்சு வருசம் கழிச்சுத்தான் இந்த மனுசன் எனக்கே உந்த விசயத்தைச் சொன்னது. நீங்கள் மூண்டு மாசத்திலை கேக்கிறியள்."

"எதை அம்மா?"

"அதைத்தான் சொல்ல ஏலாதே!"

சவிரிமுத்து தலையைக் குனிந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏதோ ஒன்று தளர்ந்திருக்க வேண்டும். தேநீரைக் குடித்து முடித்துவிட்டு அவரே தொடங்கினார்.

"அப்பா காட்டின இடம். அது என்னெண்டு அவருக்கும் தெரியாது. நானும் நாற்பது வருசமாப் பாக்கிறன், எனக்கும் தெரியாது. சாகிறதுக்குள்ளை அறிய வேணும் எண்டு ஒரு ஆசை. ஆனா மாஸ்டர், ஆருக்கும் சொல்லக்கூடாது. என்ரை மருமகன் அன்ரனுக்குக்கூட."

அன்ரன் அவருடைய தங்கையின் மகன். புதிய படகும், கடலின் அடியைத் திரையில் காட்டும் கருவியும், ஆழத்தில் விரிக்கும் வலையும் வைத்திருந்தான். பாரின்மேல் வலை விரித்தால் அது கல்லில் சிக்கிக் கிழிந்து அங்கேயே கிடக்கும். அதில் மாட்டிய மீன்கள் அழுகும். பிறகு ஆண்டுக்கணக்கில் அங்கே மீன் அண்டாது. சவிரிமுத்து அந்த இடத்தில் தூண்டிலைத் தவிர வேறெதையும் இறக்கியதில்லை. வயது ஏறி, வெளிக்கடலுக்குப் போக இயலாத அவருக்கு அந்த ஒரு பார்தான் சோறு.

"சத்தியமாச் சொல்லமாட்டன்" என்றேன்.

"சத்தியம் வேண்டாம் மாஸ்டர். வாயைப் பாத்துக்கொண்டாப் போதும்."

நீருக்கடியில் ஒரு நேர்கோடு

இயந்திரத்தை முடுக்காமல், எனக்குத் திசை பிடிபடாதபடி சுற்றி வளைத்துத் துடுப்பு வலித்தே அழைத்துச் சென்றார். ஓரிடத்தில் நிறுத்தி, அடியில் கண்ணாடி பதித்த ஒரு மரப்பெட்டியைத் தந்தார். அதை நீரில் அழுத்தி முகத்தை உள்ளே வைத்தேன்.

முதலில் என் மூச்சின் ஆவி மட்டுமே தெரிந்தது. பிறகு பச்சை. பிறகு அசையும் வெளிச்சம். அதன் பின்னர் ஒரு கோடு.

இயற்கை அவ்வளவு நீளத்துக்கு நேர்கோடு இழுப்பதில்லை. அதன் கீழே இன்னொன்று. அதன் கீழே மற்றொன்று. படிகள். பாசியும் கடல்முள்ளியும் மூடிக் கிடந்த, செதுக்கிய கற்களாலான படிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஆழத்துக்கு இறங்கின. ஓரா மீன்கள் கூட்டமாக அவற்றின்மேல் திரும்பின. விளைமீன் ஒன்று தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல் ஒரு படியின் ஓரத்தில் நின்றது. கற்கள் சந்திக்கும் மூலைகளில் அந்தக் குழிகள், பாதியும் பாதியுமாக, இரண்டும் சேர்ந்து முழுமையாக இருந்தன. ஒரு குழிக்குள் சிறு நண்டொன்று குடியிருந்தது.

அவை எந்தக் காலத்தவை? ஒல்லாந்தர் கட்டிய இறங்குதுறையா, அதற்கும் பல நூற்றாண்டு முற்பட்டதா? நிலம் தாழ்ந்ததா, கடல் ஏறியதா? எதுவும் எனக்குத் தெரியவில்லை. நான் படகில் நிமிர்ந்து உட்கார்ந்து, அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

அங்கிருந்து படகைத் திருப்புமுன், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பில் இந்த இடத்தை எவ்வாறு தவறாமல் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். மீனவர்களின் முறை மிக எளியது, அதனாலேயே வியப்புக்குரியது. கரையில் அருகிலுள்ள ஒரு பொருளும் தொலைவிலுள்ள ஒரு பொருளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிய வேண்டும். அது முதலாவது அடையாளம். வேறு திசையில் அதேபோல் இன்னொரு சோடி. அது இரண்டாவது. இரண்டும் ஒருங்கே பொருந்துகிற இடம் கடலில் ஒன்றே ஒன்றுதான்.

சவிரிமுத்து தம் இரண்டு அடையாளங்களையும் சொன்னார். நான் மடியில் குறிப்பேட்டை விரித்து, தலை குனிந்து, ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டேன்.

அளவையாளரின் கேள்வி

எங்கள் வாசகர் வட்டத்தில் உரையாற்றும்படி என்னைக் கேட்டார்கள். மலையில் இல்லாத பழைய ஊரைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டேன். கிணற்றுக்கட்டையும் தையற்கடைப் படியையும் விவரித்துவிட்டு, ஏதோ ஒரு குடாவில் நீருக்கடியில் படிகளைக் கண்டேன் என்று மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். அதையும் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது.

முன்வரிசையில் இராசநாயகம் இருந்தார். ஓய்வு பெற்ற நில அளவையாளர். என் வயதினர், என்னைவிட நிமிர்ந்து நடப்பவர்.

"நான் முப்பத்தைஞ்சு வருசம் காணி அளந்தவன்," என்று எழுந்தார். "இடம் இல்லாத ஒரு பொருளை நான் படத்திலை போட்டதில்லை. மாஸ்டர் சொல்லுறது கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உது கண்டதோ, கனாவோ?"

மண்டபம் சிரித்தது. சிரித்தவர்களில் என் பழைய மாணவர்கள் இருவரும் இருந்தனர்.

"கண்டதுதான்" என்றேன்.

"அப்ப எங்கை எண்டு சொல்லுங்கோவன். சொல்ல ஏலாட்டி அது கதைதானே."

அந்தக் கணத்தில் சவிரிமுத்து என் நினைவில் இல்லை. அதை நான் மறைக்கப் போவதில்லை. என் நினைவில் இருந்தது அந்தச் சிரிப்பு மட்டுமே. சுண்ணக்கட்டியை எடுத்தேன். கரும்பலகையில் குடாவை வரைந்தேன். இரண்டு அடையாளங்களையும் பெயர் சொல்லி, இரண்டு கோடுகள் இழுத்து, அவை சந்தித்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன்.

கைதட்டினார்கள். இராசநாயகமும் கைதட்டினார்.

அப்போதுதான் மண்டபத்தின் பின்சுவரில் சாய்ந்து நின்றவனைக் கண்டேன். ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்குத் துணையாக வந்திருந்தான். கைப்பேசியை உயர்த்திக் கரும்பலகையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அன்ரன்.

பிளாஸ்டிக் கதிரை

இனி, தொடங்கிய இடத்துக்கு வருகிறேன்.

"மாஸ்டர்! வெறுங்காலோடை அங்கை என்ன செய்யிறியள்?"

சவிரிமுத்து வெளியே வந்துவிட்டார். கையில் வெறுந்தேநீர்க் குவளை. நான் சொன்னேன். எங்கே, எப்போது, யாருக்கு முன்னால் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படகுகளைப் பார்த்தார். குவளையை மணலில் வைத்தார். கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின்மேல் உட்கார்ந்தார். ஏதேனும் ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சூரியன் ஒரு பனையளவு ஏறியபோது படகுகள் கலைந்தன. அன்ரனுடைய படகு நேரே எங்களை நோக்கி வந்து கரையில் முட்டியது.

"மாமா! மாஸ்டற்ரை பழைய ஊரைக் கொண்டுவந்திருக்கிறன், பாருங்கோ!"

சேறு வழிந்த வலைக்குள்ளிருந்து மூன்று கால்களோடு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக் காட்டினான்.

"ராசா இருந்த கதிரை!"

மற்றப் படகுகளிலிருந்து கூச்சல் எழுந்தது. "மந்திரியின்ரை எங்கையடா?" என்று ஒருவன் கத்தினான்.

"வெறும் சேறு, சேர்," என்று அன்ரன் என்னிடம் சற்றுத் தணிந்து சொன்னான். அவனும் ஒருகாலத்தில் என் வகுப்பில் இருந்தவன். "மிசினிலை வடிவாப் பாத்தனான். ஒரு கல்லும் இல்லை. ஏமாந்திட்டியள் போலை."

அவர்கள் போன பின்னர் சவிரிமுத்து தேநீரின் மிச்சத்தைக் குடித்தார்.

"ஒண்டு சரி. மற்றது பொய்" என்றார்.

"என்ன?"

"அடையாளம். ஒண்டைச் சரியாச் சொல்லி மற்றதைப் பொய்யாச் சொல்லுறது. நாங்கள் அப்பிடித்தான். அப்பா எனக்கே பத்து வருசமாப் பொய்தான் சொன்னவர். நீங்கள் வெளியிலை சொல்லுவியள் எண்டு நான் நினைக்கேல்லை மாஸ்டர். நினைச்சிருந்தாக் கூட்டிக்கொண்டு போயிருக்கமாட்டன். எண்டாலும் ரெண்டையும் உண்மையாச் சொல்ல வாய் வரேல்லை."

என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உடனே வேறொன்று ஏறியது. அன்று படகில் நான் தலையை உயர்த்தி இரண்டு தடவை கரையைப் பார்த்திருந்தால் போதும், ஓர் அடையாளம் பொருந்தவில்லை என்பதைக் கண்டிருப்பேன். ஆண்டாண்டாகச் சரிபார்க்கச் சொன்னவன், கரையைப் பாராமல் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்டு சரிதானே," என்று அவர் தொடர்ந்தார். "அன்ரன் இண்டைக்குச் சிரிக்கிறான். நாளைக்கு யோசிப்பான். மாஸ்டர் பொய் சொல்லுற ஆள் இல்லையெண்டு அவனுக்குத் தெரியும். ஒரு கோட்டைப் பிடிச்சுக்கொண்டு மிசினோடை மெல்ல மெல்லப் போனானெண்டா, ஒரு கிழமை போதும்."

"அப்ப நான் என்ன செய்ய?"

வாசலில் நின்ற திரேசம்மா சொன்னார்:

"சொன்ன வாயாலை இல்லையெண்டு சொல்லுங்கோவன்."

மீளப் பெற்ற உரை

எளிதாகச் சொல்லிவிட்டார். என் வாழ்நாளில் நான் கண்ட ஒரே ஒன்று அந்தப் படிகள்தான். பிறர் கண்டவற்றையே ஆயுள் முழுதும் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு, முதுமையில் தன் கண்ணாலேயே ஒன்று வாய்த்தது. அதை நான் இல்லை என்று சொல்ல வேண்டும். அதுவும் இராசநாயகம் முன்வரிசையில் இருக்க.

மூன்று நாள் எழுதிக் கிழித்தேன். நான்காம் நாள், அன்ரனின் படகு விடியலில் தனியாகக் குடாவுக்குள் போய் நெடுநேரம் மெல்ல ஊர்ந்ததாகச் சவிரிமுத்து தொலைபேசியில் சொன்னார்.

அடுத்த கூட்டத்தில் ஐந்து நிமிடம் கேட்டு வாங்கி எழுந்தேன்.

"சென்ற கூட்டத்தில் நீருக்கடிப் படிகளைப் பற்றி நான் சொன்னவற்றை மீளப் பெற்றுக்கொள்கிறேன். நான் சரிபார்க்காமல் பேசினேன். அதனை எவரும் சான்றாகக் கொள்ள வேண்டாம்."

இராசநாயகம் சிரிக்கவில்லை. அவர் சிரித்திருந்தாலே மேல் என்று அப்போது நினைத்தேன். அருகில் வந்து தோளில் கை வைத்தார்.

"வயசு போனா எங்களுக்கெல்லாம் உப்பிடித்தான் மாஸ்டர். தண்ணிக்குள்ளை எல்லாம் நெளியும். ஒருக்கால் கண்ணைக் காட்டுங்கோ."

"ஓம், காட்டத்தான் வேணும்" என்றேன்.

இம்முறையும் ஒலிபெருக்கியோடு வந்திருந்த அன்ரன் வாசலில் நின்றான். அவன் கேட்டுக்கொண்டிருந்தான் என்பதை அறிந்தே பேசினேன். என் செருப்பை எடுத்து நேராக வைத்தான்.

"கவலைப்படாதையுங்கோ சேர். நானும் நாலு நாளாத் தேடிப் பாத்தனான். விட்டிட்டன். கதிரை எண்டாலும் மிஞ்சினது. ஒரு கால் போட்டா நல்லா இருக்கலாம்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். வீடு வரும்வரை என் காது சுட்டுக்கொண்டிருந்தது.

துடுப்பு வேறு திசையில்

சில வாரங்களின் பின்னர் என் வீட்டுப் படலையில் மணி ஒலித்தது. சவிரிமுத்து. அதற்கு முன் அவர் அன்புவழிபுரத்துக்கு வந்ததில்லை. தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை அணிந்திருந்தார்.

"கடல் தெளிஞ்சு கிடக்கு. வாறியளோ?"

அவர் துடுப்பை வலித்த திசையைக் கண்டு திகைத்தேன். ஏழு படகுகள் நின்ற இடத்துக்கு அல்ல. நான் கரும்பலகையில் இழுத்த கோடுகளில் எதன் வழியாகவும் அல்ல. கரையைப் பார்த்தேன். முதலாவது அடையாளம் பொருந்தவில்லை. இரண்டாவதும் பொருந்தவில்லை.

"ஒண்டு சரியெண்டு சொன்னனீங்கள்?"

"அதுவும் பொய்தான் மாஸ்டர்."

நான் கோபப்பட்டேன். அந்தக் கோபத்தை இன்றும் நியாயம் என்றே கருதுகிறேன். "அப்ப நான் அத்தினை பேருக்கு முன்னாலை எழும்பி நிண்டது? ஒரு தேவையும் இல்லாமலோ?"

அவர் துடுப்பை நீரிலிருந்து உயர்த்தினார். நீர் சொட்டியது.

"தேவையில்லாமல் இல்லை. அன்ரன் குடா முழுக்கத் தேடத் தொடங்கினவன். உங்கட சொல்லைக் கேட்டுத்தான் விட்டவன்." துடுப்பைப் படகின் குறுக்கே வைத்தார். "மற்றது, நீங்கள் என்ன செய்வியள் எண்டு எனக்குத் தெரிய வேணும். உங்களுக்குக் கல்லைச் சரிபாக்க வேணும். எனக்கு ஆளைச் சரிபாக்க வேண்டாமே?"

மேலும் சிறிது தூரம் வலித்துப் படகை நிறுத்தினார்.

"இப்ப நிமிந்து கரையைப் பாருங்கோ. முதலாவது, அது." கையை நீட்டினார். பிறகு உடலைத் திருப்பி மற்றத் திசையில் நீட்டினார். "ரெண்டாவது, அது."

பார்த்தேன். அருகிலுள்ளதும் தொலைவிலுள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக, நூல் பிடித்தாற்போல் நின்றன. திரும்பி மற்றதைப் பார்த்தேன். அதுவும் நின்றது. மீண்டும் முதலாவதைப் பார்த்தேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

இதனை எழுதலாமா என்று அண்மையில் அவரைக் கேட்டேன். "பேரை மாத்திப்போட்டு எழுதுங்கோ" என்றார். மாற்றியிருக்கிறேன். "தேடி வரமாட்டினமோ?" என்றேன். "உங்களை இனி ஆர் மாஸ்டர் நம்பப்போகினம்?" என்றார்.

அன்று, அடையாளங்களைப் பார்த்து முடித்ததும், பெட்டியை நீரில் அழுத்தினேன். இம்முறை இருவரும் தலையை ஒட்டிக்கொண்டு ஒரே பெட்டிக்குள் பார்த்தோம். அவருடைய தாடி என் கன்னத்தில் உறுத்தியது. படிகள் அங்கேயே இருந்தன.

"ஆர் மாஸ்டர் உந்தப் படியாலை இறங்கினவை?"

"தெரியாது."

"எத்தினை வருசம் இருக்கும்?"

"அதுவும் தெரியாது."

அவர் ஏமாற்றம் அடைந்ததாகத் தெரியவில்லை. நாற்பது ஆண்டுகளாகத் தனியாகத் தெரியாமல் இருந்தவருக்கு இப்போது ஒரு துணை கிடைத்திருந்தது. எத்தனை படிகள் என்றாவது எண்ணுவோம் என்றேன். எனக்கு ஒன்பது வந்தது. அவருக்குப் பதினொன்று.

"பாசி மூடின ரெண்டை விட்டிட்டியள்" என்றார்.

"அது படிதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"அப்ப திரும்ப எண்ணுவம்."

எண்ணத் தொடங்கினோம்.